தானாக அணைந்து தானாக எழும் பெட்டி



கல்முனைக் கடைத்தெருவை விட்டுக் கடற்கரைப் பக்கமாகத் திரும்பி நடந்தால், பல வீடுகளின் கூடத்துச் சுவரிலே ஒரு சிறு பெட்டி தொங்குவதைக் காணலாம். அதன் முகத்திலே பச்சை விளக்குகள் சில கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் என்று எல்லாரும் வழங்கும் அதனை வழிப்படுத்தி என்று தமிழாக்கியுள்ளனர். கட்டாரிலே தொழில் செய்யும் மகனின் முகமும், மருதமுனைக் கைத்தறிப் புடைவைக்கு வெளியூரிலிருந்து வரும் கேள்வியும், உயர்தர வகுப்பு மாணவியின் பாடமும் அதன் வழியாகவே வீட்டினுள் நுழைகின்றன. அவை திடீரென நின்றுவிடும்பொழுது அடுக்களையிலிருந்து ஒரு குரல் எழும்: "தம்பி, அதை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்க மகன்." தம்பி ஆளியை அணைப்பான், பத்து வரை எண்ணுவான், மீண்டும் போடுவான். மூன்று நிமிடத்தில் எல்லாம் பழையபடி இயங்கத் தொடங்கும்.

இதனைக் கைவைத்தியம் என்று நகைப்பவர் உண்டு. ஆயின் இவ்வைத்தியத்தை மனிதர் கை படாமலே, குறித்த வேளையிற் கருவி தனக்குத்தானே செய்துகொள்ளும்படி அமைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே அறிஞர்களின் மதிநுட்பமும் இருக்கிறது. இருபத்தெட்டு மனித உயிர்களின் இழப்பும் இருக்கிறது. அதனையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

அணைத்துப் போட்டால் ஏன் சுகமாகிறது? மளிகைக் கடைக்காரர் ஒருவரின் கடன் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலே பத்துக் கைபேசிகள் இருந்தாலும், பெரும்பாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரிதான். எந்தக் கைபேசி எவ்விடத்துக்குக் கேள்வி அனுப்பியது, விடை வந்தால் யாரிடம் சேர்ப்பது என்று அப்பெட்டி தன் நினைவகத்தில் ஒவ்வொன்றாக எழுதிவைக்கிறது. பேச்சு முடிந்ததும் அவ்வரியை அழித்துவிடவேண்டும். மென்பொருளை எழுதியவர் எங்கோ ஓரிடத்தில் அழிக்க மறந்துவிட்டால், நாளடைவிற் கொப்பி நிறைந்துபோகும்; புதிய வரவை எழுத இடமிராது. கருவி பழுதாகவில்லை, அதற்கு மூச்சு முட்டுகிறது. மின்சாரத்தை நிறுத்தும்போது கொப்பி முழுவதும் வெறுமையாகி, செய்தவர்கள் நன்கு அறிந்து சோதித்த ஒரே நிலைக்கு, அதாவது தொடக்க நிலைக்கு, அது திரும்பிவிடுகிறது. ஒரு கருவி மூன்று மாதம் இடைவிடாது ஓடியபின் எந்நிலையில் இருக்கும் என்பதை அதனைச் செய்தவரும் முழுதாக அறியார்.

இவ்வுண்மையை முதன்முதல் வலையமைப்புக் கட்டியவர்களே உணர்ந்திருந்தனர். 1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே, குளிர்சாதனப் பெட்டியளவு பெரிய இயந்திரம் ஒன்று லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை வந்தடைந்தது. ஐம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அவ்வியந்திரமே இன்றைய ரவுட்டர்களின் மூதாதை. ஹனிவெல் கணினி ஒன்றை எடுத்து, பி.பி.என். என்ற நிறுவனத்தார் அதனை இப்பணிக்கு ஆக்கியிருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் அங்கிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது எழுத்தின்போது அப்பாலிருந்த கணினி செயலிழந்தது. அதனைச் சீர்செய்து மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று. இணையத்தின் முதல் இரவே அணைத்துப் போடும் இரவாக அமைந்தது!

நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால் ஆளில்லாத அறையில் நிற்கும் இயந்திரம் நின்றுவிட்டால் யார் போய் ஆளியை அழுத்துவது? இவ்வினாவுக்கு அக்காலத்துப் பொறியியலாளர் கண்ட விடை காவல் மணி. நம் பக்கத்து வயல்களில் யானைக் காவலுக்குப் பரணில் இருப்போர் இடையிடையே குரல் கொடுப்பர். நெடுநேரம் குரல் வராவிட்டால் அடுத்த பரணிலிருப்பவர் எழுந்து பார்க்கவேண்டியதுதான். அதுபோலவே, இயந்திரத்தினுள்ளே ஒரு மணி பின்னோக்கி எண்ணிக்கொண்டிருக்கும். மென்பொருள் நலமாக இருக்கும்வரை அவ்வப்போது அம்மணியை மீண்டும் முதலிலிருந்து எண்ணச் செய்யும். மென்பொருள் மயங்கிவிட்டால் எண்ணிக்கை பூச்சியத்தைத் தொடும்; உடனே இயந்திரம் தன்னைத்தானே மீளத் தொடக்கும். நினைவகத்தின் ஒரு சிறு பகுதியை எவராலும் அழிக்கமுடியாதபடி காத்துவைத்து, மீள எழுவதற்கு வேண்டிய கட்டளைகளை அதிலே பொறித்திருந்தனர். பின்னாளில், மென்பொருள் கெட்டுப்போன ஐம்ப் ஒன்று அயலிலுள்ள ஐம்பிடமிருந்து நல்ல பிரதியை வலையமைப்பின் வழியாகவே பெற்றுக்கொள்ளவும் வகை செய்தனர். இன்று கைக்கடக்கமான ரவுட்டருக்குள்ளும் இக்காவல் மணி ஒலியின்றி எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஆனால் மீள்தொடக்கம் சர்வரோக நிவாரணி அன்று என்பதையும் அதே வலையமைப்பு காட்டிக்கொடுத்தது. 1980ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு முழுவதும் பல மணித்தியாலங்கள் முடங்கிற்று. ஐம்ப்கள் தத்தம் நிலையை அயலாருக்கு அறிவிக்கும் செய்திகளுக்குத் தொடர் இலக்கம் இடப்படும். பெரிய இலக்கமே புதியது. ஆயின் அவ்விலக்கம் 63ஐ அடைந்ததும் கடிகார முள்போலச் சுற்றி மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஒரு வன்பொருட் கோளாறினால் 44 என்ற இலக்கத்தின் சில கூறுகள் உதிர்ந்து, அதே செய்தி 40 என்றும் 8 என்றும் மூன்று உருவங்களாகப் பிரிந்தது. சுற்றிவரும் எண்ணின் விந்தையினால் 40ஐ விட 44 புதியது. 44ஐ விட 8 புதியது. 8ஐ விட 40 புதியது! ஒன்றையொன்று துரத்திய மூன்று செய்திகளையும் இயந்திரங்கள் ஓய்வின்றிப் பரப்பின. ஓர் ஐம்பை அணைத்துப் போட்டால் அது தூய்மையாக எழும். எழுந்த மறுகணமே அயலிலிருந்து அந்நோய் மீண்டும் தொற்றும். மென்பொருளையே திருத்தி, அச்செய்திகளைப் புறக்கணிக்கச் செய்த பின்னரே வலையமைப்பு மீண்டது.

இன்னும் வேடிக்கையான நிகழ்ச்சி 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நடந்தது. நியூயோர்க் நகரில் ஏ.ரி. அன் ரி. நிறுவனத்தின் தொலைபேசி நிலையம் ஒன்று சிறு கோளாறு கண்டு, விதித்தபடி தன்னைத்தானே மீளத் தொடக்கியது. நான்கு முதல் ஆறு செக்கனில் முடியும் காரியம். எழுந்ததும், "நான் நலமாக இருக்கிறேன்" என்ற பொருள்பட அயல் நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. அச்செய்திகளைக் கையாளும் மென்பொருளில் ஒரு பிழை புகுந்திருந்தது. இரண்டு செய்திகள் மிக நெருங்கி வந்தால் அயல் நிலையம் குழம்பும்; குழம்பியதும் அதுவும் தன்னை மீளத் தொடக்கும்; எழுந்ததும் அதுவும் தன் அயலாருக்கு நலச் செய்தி அனுப்பும்! இவ்வாறு 114 நிலையங்களும் மாறி மாறி விழுந்தெழ, ஏறத்தாழ 9 மணித்தியாலம் நெடுந்தூரத் தொலைபேசிச் சேவை சீர்குலைந்தது. மருந்தே நோயைப் பரப்பிய கதை இது.

மருந்து கொடுக்காமல் விட்டதனால் நேர்ந்த கேடு மறுவருடம் வந்தது. அதுவும் நமக்கு அறிமுகமான ஊர்ப்பக்கத்தில். தம்மாம், அல்கோபார், தஹ்ரான் என்ற சவூதி அரேபியப் பெயர்கள் நம் கரையோரத்து வீடுகளிலே பக்கத்து ஊர்ப் பெயர்கள்போல வழங்குவன; கடிதமும் காசும் அங்கிருந்து வந்த வீடுகள் பல. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது பெப்ரவரி 25ஆம் நாள் இரவு, ஈராக்கிலிருந்து ஏவப்பட்ட ஸ்கட் ஏவுகணை ஒன்று தஹ்ரானிலிருந்த அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தில் வீழ்ந்து 28 பேரைக் கொன்றது. அதனைத் தடுக்கவென நிறுத்தப்பட்டிருந்த பேற்றியற் என்னும் கருவி அன்று சுடவே இல்லை.

காரணம், அதன் கடிகாரம். அது காலத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணி வந்தது. பத்திலொன்று என்பதை இரும எண்ணில் முற்றாக எழுதமுடியாது, வால் நீண்டுகொண்டே போகும், எங்கேயாவது வெட்டவேண்டும். வெட்டிய துண்டு மிகச் சிறியது. ஆனால் அக்கருவி 100 மணித்தியாலத்துக்கு மேலாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த பிழை செக்கனில் மூன்றிலொரு பங்கு. அக்கால அளவில் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். கருவி வெறும் வானத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றது. அணைத்துப் போட்டிருந்தால் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் கடிகாரம் பூச்சியத்துக்குத் திரும்பியிருக்கும், பிழையும் அகன்றிருக்கும். நெடுநேரம் ஓடவிட்டாற் குறி பிசகலாம் என்று பெப்ரவரி 21ஆம் நாளே படையினருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. நெடுநேரம் என்றால் எத்தனை மணித்தியாலம் என்பது அதிற் குறிக்கப்படவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானை வந்தடைந்தது 26ஆம் நாள். அதாவது, அழிவுக்கு மறுநாள். இன்ன வேளையில் அணைத்துப் போடுக என்ற ஒரு வரி அந்த எச்சரிக்கையிலே இருந்திருந்தால்! இதனை வாசித்த நாளிலிருந்து, குறித்த வேளை என்ற சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இத்தகைய அனுபவங்களுக்குப் பின்பே, நோய் வந்தபின் எழுப்புவதை விட நோய் முற்றுமுன் வேளை குறித்து எழுப்புவது நன்று என்ற எண்ணம் ஆராய்ச்சியாக வளர்ந்தது. 1995ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹுவாங், கின்ராலா முதலிய நால்வர் இதற்கு மென்பொருட் புத்துயிரூட்டல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டிக் கட்டுரை வெளியிட்டனர். பறக்கும் விமானத்துக்கும் இவ்விதி பொருந்திற்று. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கி ஆளுகைக் கருவிகள் 248 நாள் இடைவிடாது இயங்கினால் ஒருங்கே நின்றுவிடலாம் எனக் கண்டு, அதற்கு முன்னரே மின்சாரத்தை நிறுத்தித் தொடங்குமாறு 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பணித்தனர்.

வீட்டு ரவுட்டருக்குள் இக்கலை நுழைந்த வழி வேறு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் நீலமும் கறுப்புமாக ஒரு ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. அதனுள்ளே இருந்தது எல்லாருக்கும் பொதுவான லினக்ஸ் மென்பொருள் எனக் கண்டுபிடிக்கப்பட்டது. உரிம விதிப்படி மூல நிரலை 2003இல் வெளியிட நேர்ந்தது. அந்நிரலைத் தளமாகக் கொண்டு 2004இல் தோன்றியதே ஓப்பன்டபிள்யூஆர்ரி என்ற சுதந்திர மென்பொருள். அதிலே, பெல் ஆய்வுகூடத்தில் 1970களிற் பிறந்த கிரோன் என்னும் பழைய நேர அட்டவணையும் இருந்தது. நிமிடம், மணி, நாள் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி, அதன் அருகே கட்டளையையும் எழுதிவிட்டால், அந்நேரத்தில் அது நிறைவேறும். விடிகாலை 4.30க்கு மீளத் தொடங்குக என்று எழுதுவது ஒரு வரி வேலை.

அவ்வொரு வரிக்குள்ளும் ஒரு பொறி இருந்தது. மேசைக் கணினியிற்போல ரவுட்டரினுள்ளே மின்கலத்தோடு கூடிய கடிகாரம் பெரும்பாலும் இல்லை. மின்சாரம் போனால் காலமும் போய்விடும். எழுந்தவுடன் அது, தன்னிடமுள்ள அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவோ அந்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று கொள்ளும். பின்னர் இணையத்திலுள்ள நேர நிலையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். 4.30க்கு அணைந்து எழுந்த ரவுட்டர் மீண்டும் 4.30 தான் என்று நினைத்தால் என்ன ஆகும்? மறுபடி அணையும்; மறுபடி எழும்; விடியும்வரை இதே கூத்துத்தான். இதற்கு அம்மென்பொருளின் கையேட்டில் ஒரு பரிகாரம் சொல்லப்பட்டுள்ளது. 4.30 ஆனதும் 70 செக்கன் பொறுத்திரு, பின் ஏதேனும் ஓர் அமைப்புக் கோப்பைத் தொட்டு அதன் நேரத்தைப் புதுப்பி, அதன்பின் அணை. எழும்போது அதன் கணக்கில் 4.31, குறித்த நிமிடம் கடந்துவிட்டது. கடையில் வாங்கும் ரவுட்டர்களிலே இவ்வளவு பாடு இல்லை. அமைப்புப் பக்கத்திலே நாளையும் நேரத்தையும் தெரிந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் கடிகாரம் சரியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கும் மாறவில்லை.

கடிகாரம் என்றதும் நம் நாட்டுக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. 1906 முதல் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னதாக இருந்தது. உலகப்போர்க் காலத்தில் மாற்றி, 1945இல் மீண்டும் பழைய நிலைக்கே வந்தனர். 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஒரு மணித்தியாலம் முன்தள்ளினர்; அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தனர்; 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே வந்தனர். அந்தப் பத்தாண்டுக் காலத்தில் எழுதப்பட்ட மென்பொருள்களில் இலங்கை என்பது ஆறு மணி என்றே பதிந்துவிட்டது. திருத்தப்படாத பழைய கருவியில் நம் நாட்டின் பெயரைத் தெரிந்தால் அரை மணித்தியாலம் பிசகும்.

அரை மணித்தியாலம் பிசகினாற் குடி முழுகிவிடாது. முற்றாகப் பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் என் கையாலேயே செய்து அறிந்தேன். 2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்துக்கு மாறின. சாய்ந்தமருதிலே எனக்கு உறவான ஒரு வீட்டில் உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளை இருந்தாள். ரவுட்டர் அடிக்கடி மூச்சு முட்டியது. "நான் சரிசெய்து தருகிறேன்" என்று போய், நாள்தோறும் விடிகாலை 4 மணிக்குத் தானே மீளத் தொடங்கும்படி அமைத்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன். சில வாரங்கள் கழித்து அவளுடைய வாப்பா என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "மச்சான், பிள்ள படிக்கிற மாதிரி இல்ல. ஒவ்வொரு நாளும் வகுப்புத் தொடங்கிற நேரத்தில லைன் போயிட்டு என்கிறா. நாள் தவறாம ஒரே நேரத்தில எப்படிப் போகும்? சாட்டுச் சொல்றா."

ஒரே நேரத்தில் என்ற சொல் என்னைச் சுட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியின் நேர வலயத்தை நான் பார்க்கவே இல்லை. அது கிரீன்விச் நேரத்திலேயே நின்றது. கிரீன்விச்சில் விடிகாலை 4 என்றால் சாய்ந்தமருதில் காலை 9.30. வகுப்புத் தொடங்குவதும் அதே வேளைதான். ரவுட்டர் எழ மூன்று நிமிடம்; அவள் மீண்டும் உள்ளே நுழைவதற்குள் ஆசிரியர் பெயர் கூப்பிட்டு முடித்துவிடுவார். நான் செய்த பிழைக்கு அந்தப் பிள்ளை பொய்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அவளிடமும் வாப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

நேர வலயத்தைத் திருத்தினேன். ஆனால் விடிகாலை 4 மணி சரியான வேளைதானா? ஆளரவம் இல்லாத நேரம் என்று மூன்றையும் நான்கையும் உலகெங்கும் பரிந்துரைக்கின்றனர். நம் கரையோரத்து ஊர்களில் அக்கணக்குப் பொருந்தாது. நோன்பு மாதத்திலே ஸஹர் உணவுக்கு ஊரே விழித்திருக்கும் வேளை அது. நள்ளிரவும் ஆகாது, இங்கே இரவு ஒரு மணி என்றால் தோஹாவில் பத்தரை. வேலை முடிந்து, சாப்பிட்டு, வீட்டாரின் முகம் பார்க்க மகன் அழைக்கும் நேரம் அதுவாகவும் இருக்கும்.

நாள்தோறும் வேண்டுமா என்பதும் கேள்வி. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்தையும் தாண்டியபோது, நாட்டிலுள்ள ரவுட்டர்களெல்லாம் எவரும் கேளாமலே மீளத் தொடங்கிக்கொண்டுதான் இருந்தன. அதனால் அவை எவையும் இளமை எய்தியதாகத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை போதும். அதற்கும் அடங்காமல் நின்றுபோனால் நோய் வேறெங்கோ இருக்கிறது. காற்றோட்டமில்லாத அலுமாரி மேல் வைத்துச் சூடேறியிருக்கலாம், மின்மாற்றி தளர்ந்திருக்கலாம், கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளை அரித்திருக்கலாம், மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். இவற்றைப் பாராமல் நாளுக்கு மூன்று முறை அணைந்தெழ விதிப்பது, காய்ச்சற்காரனுக்குப் போர்வையை மாற்றி மாற்றிப் போர்த்துவது போன்றது. 2018 மே மாதத்தில், வி.பி.என்.பில்ரர் என்ற நச்சு மென்பொருள் 54 நாடுகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கருவிகளைப் பற்றியபோது, ரவுட்டர்களை அணைத்துப் போடுமாறு அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அணைத்தால் நினைவகத்திலிருந்த பகுதி அழிந்தது; ஆனால் வேர் உள்ளேயே இருந்தது.

வேளையைப் பற்றி அவ்வீட்டு உம்மாவிடமே கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வையுங்க. ஆம்பிளையள் பள்ளிக்குப் போயிருவாங்க. பிள்ளைக்கு வகுப்பு இல்ல. கட்டார்லயும் அண்டைக்கு லீவு, மகன் குளிச்சு வெளிக்கிடுற நேரம்" என்றார். எந்தக் கையேட்டிலும் நான் காணாத வேளை அது.

வெள்ளிக்கிழமை, பகல் 12.30 என்று அமைத்தேன். நேர வலயத்தை இரண்டு முறை பார்த்தேன். அடுத்த வெள்ளி அவ்வீட்டிலிருந்து ஒரு குரற்செய்தி வந்தது. அந்தப் பெண்பிள்ளைதான் பேசியிருந்தாள். "மாமா, இப்பதான் லைற் எல்லாம் நூந்து திரும்ப எரியுது. மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு."